உணவு விழாவும் கமக்காரரும்

திருகோணமலைத் துறைமுகத்தின் உட்குடாவை அடுத்துள்ள சீனக்குடாவிலே, 1980ஆம் ஆண்டு தொடக்கம் பெரியதொரு கோதுமை மா ஆலை இயங்கி வருகின்றது. கடல்கடந்த நாடுகளில் விளைந்த கோதுமை கப்பல்களில் வந்து அங்கே இறங்குகின்றது. மாவாகி நாடெங்கும் செல்கின்றது. அவ்விடத்திலிருந்து கண்டி வீதியாற் சிறிது தூரம் சென்றால் தம்பலகாமத்து வயல்வெளி தொடங்கிவிடும். கந்தளாய்க் குளத்து நீர் பாயும் அவ்வயல்களிலே பெரும்போகம், சிறுபோகம் என இருபோகமும் நெல் விளைகின்றது. ஆயினும் வயலோரத்துத் தேநீர்க் கடையிலே காலை வேளையிற் கமக்காரர் வாங்கி உண்பது பெரும்பாலும் பாணும் ரொட்டியுமேயாம். தம் நிலத்திலே நெல் விளைவிப்பவர் பிறர் நிலத்துக் கோதுமையை உண்டுவிட்டு வரம்பு கட்டப் போகின்றார்.

2022ஆம் ஆண்டிலே உக்கிரேன் நாட்டுப் போரும் நம் நாட்டின் அந்நியச் செலாவணித் தட்டுப்பாடும் ஒருங்கே வந்தபோது, கோதுமை மாவின் விலை முன்னிருந்ததைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் ஏறியது. அந்நாட்களிற் பல வீடுகளிலே புட்டுக் குழலும் இடியப்ப உரலும் மீண்டும் அடுப்படிக்கு வந்தன. விலை தணிந்ததும் அவற்றுட் பல மறுபடியும் பரணில் ஏறிவிட்டன என்பதையும் மறைப்பதற்கில்லை. அரிசியுணவை மக்கள் விரும்பி உண்ணும் வழக்கம் நிலைபெற்றாலன்றி, நெல் விளைவிப்போருக்கு நிலையான சந்தை அமையாது. அவ்விருப்பம் எங்கே இருக்கின்றது, எவ்வகை அரிசிக்கு இருக்கின்றது என்பதைக் கமக்காரர் தம் கண்ணாற் காணக்கூடிய இடங்கள் மிகச் சில. அவற்றுள் ஒன்று உணவு விழா.

உணவு விழா என்றவுடன், நகரத்தார் உண்டு களிக்கும் இடமென்று எண்ணிக் கமக்காரர் பலர் அப்பக்கம் செல்வதில்லை. சென்றவர்களும் பிள்ளைகளுக்குத் தின்பண்டம் வாங்கிக் கொடுத்துவிட்டுத் திரும்பி விடுகின்றனர். நெல் விளைவிப்பவர் தமது விளைவு ஆலைக்குள்ளே நுழையும்வரைதான் அதனைக் காண்கின்றார். அது யாருடைய தட்டில் எவ்வுருவில் விழுகின்றது என்பதை அவர் காண்பதில்லை. மரக்கறி விளைவிப்பவரும் மூட்டையை லொறியில் ஏற்றியதோடு நின்றுவிடுகின்றார். அந்த மறுமுனையைக் காண்பதற்கே விழாவுக்குச் செல்ல வேண்டும்.

விழா நடைபெறும் காலம்

விளைந்ததை ஒன்றுகூடி உண்பது நமக்குப் புதிதன்று. கிழக்கிலங்கையின் தமிழ்க் கமக்காரர் தைப்பூசத்தை ஒட்டிப் புதிர் எடுத்துப் புத்தரிசிச் சோறாக்கி, உற்றாரோடும் அயலாரோடும் உண்பது நெடுநாளைய வழக்கம். அநுராதபுரத்திலே ஸ்ரீ மகாபோதியின் முன்றலில், நாட்டின் பல பாகங்களிலுமிருந்து வரும் கமக்காரர் புத்தரிசியைக் காணிக்கையாகச் சொரியும் புத்தரிசி விழாவும் ஆண்டுதோறும் நடைபெறுகின்றது. நோன்பு மாதத்திலே கிண்ணியாவிலும் மூதூரிலும் பள்ளிவாசல்களிற் பெரிய கிடாரங்களில் ஆக்கிப் பகிரப்படும் கஞ்சியும் இவ்வகையைச் சேர்ந்ததே. இக்காலத்து உணவு விழா இவற்றினின்றும் வேறுபடுவது ஒன்றில்: இங்கே உணவு விற்கப்படுகின்றது. விற்கப்படும் இடத்திலே விலையும் தரமும் ஒப்புநோக்கப்படுகின்றன.

விவசாயத் திணைக்கள அலுவலகங்கள், பிரதேச சபைகள், மாதர் சங்கங்கள், பாடசாலைகள் ஆகியன இத்தகைய விழாக்களைக் கூட்டுவதுண்டு. உலக உணவு தினமாகிய ஒக்டோபர் 16ஐ ஒட்டிச் சில விழாக்கள் அமைகின்றன. ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய நிறுவனம் 1945ஆம் ஆண்டு அத்திகதியிலேதான் தோற்றுவிக்கப்பட்டது. 1981 முதல் அந்நாள் உலக உணவு தினமாகக் கொண்டாடப்படுகின்றது. நமது மாவட்டத்துக்கு இது பொருத்தமான திகதியென்று சொல்வது கடினம். வடகீழ்ப் பருவ மழையை எதிர்பார்த்துக் கமக்காரர் சேற்றில் நிற்கும் காலம் அது. 

பெரும்போக அறுவடை முடியும் பங்குனி மாதமும், சிறுபோக அறுவடை நடைபெறும் ஆவணி, புரட்டாதி மாதங்களுமே புத்தரிசி கையில் உள்ள காலம். இவற்றுள் இரண்டாவதற்கு மற்றுமொரு சிறப்பு உண்டு. உப்புவெளி, நிலாவெளிக் கடற்கரைகளுக்கு உல்லாசப் பயணிகள் பெருவாரியாக வருவது மே முதல் செப்டெம்பர் வரை கடல் அமைதியாயுள்ள மாதங்களிலேயாம். சிறுபோக நெல் களத்துக்கு வரும்போது, உண்ண விரும்பும் விருந்தினரும் ஊரில் இருக்கின்றனர். விழாக் கூட்டுவோர் கமக்காரர் அமைப்புகளுடன் கலந்து திகதியைக் குறிப்பின், இருசாராருக்கும் பயன் மிகும்.

காணக் கிடைப்பவை

திருகோணமலை மாவட்டத்திலே தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் ஆகிய மூவினத்தவரும் கமஞ்செய்து வாழ்கின்றனர். ஆதலால் இங்கே நடைபெறும் உணவு விழாவில் அரிசி ஒன்றே பல வேடம் பூண்டு நிற்பதைக் காணலாம். ஒரு பந்தலிலே சிவப்பரிசிப் புட்டும் இடியப்பமும் ஆவி பறக்கும். அருகே பாற்புக்கையும் கொழுக்கட்டையும் பயற்றம் பணியாரமும் இருக்கும். அடுத்த பந்தலிலே தொதலும் வட்டிலப்பமும் காணப்படும். அதற்கப்பால் பாற்சோறு, அரிசி மாவும் தேங்காய்ப் பாலும் கொண்டு அச்சிற் பொரிக்கும் கொக்கிஸ், இலைக்கஞ்சி ஆகியன வைக்கப்பட்டிருக்கும். எருமைத் தயிர்ச் சட்டிகள் இல்லாத விழா இம்மாவட்டத்தில் அரிது. குரக்கன் கூழ், ஒடியற் கூழ், எள்ளுருண்டை, அவித்த மரவள்ளியும் சம்பலும் ஆகியவற்றுக்கு முதியவர்கள் மட்டுமன்றி இளைஞரும் வரிசையில் நிற்பதை இப்போது காணமுடிகின்றது.

இவற்றை வெறுமனே பார்த்துச் செல்லாது, எப்பந்தலின் முன் கூட்டம் நிற்கின்றது, எப்பண்டம் முதலில் தீர்கின்றது, எது மாலைவரை கிடக்கின்றது என்பதை அவதானித்தல் வேண்டும். முற்பகல் பதினொரு மணிக்கு ஒருமுறையும் பிற்பகல் நான்கு மணிக்கு ஒருமுறையும் பந்தல்களைச் சுற்றிவந்தால் இது தெளிவாகும். சந்தை நிலவரத்தை ஒருவர் வந்து சொல்லக் கேட்பதிலும், வெறுமையான தட்டைக் கண்ணாற் காண்பது மேலானது.

மரக்கறிச் செய்கையாளர் இலைக்கஞ்சிப் பந்தலிற் சற்று நின்று பார்த்தல் நன்று. சிவப்புப் பச்சையரிசி, தேங்காய்ப் பால், வல்லாரை முதலான இலைகளின் சாறு ஆகியவற்றால் ஆகும் இக்கஞ்சிக்கு நாள்தோறும் பசுமையான இலை வேண்டும். நகரத்துக்கு அண்மையில், கிணற்று நீர் வசதியுள்ள சிறு தோட்டக்காரருக்கு இது தக்க வருவாயைத் தரக்கூடியது. ஆனால் ஓர் எச்சரிக்கை: கீரை கறியாகும்போது கழுவி அவிக்கப்படுகின்றது, கஞ்சிக்கோ இலையை இடித்துச் சாறு பிழிகின்றனர், அதனை நெடுநேரம் கொதிக்க விடுவதுமில்லை. இலைமேற் கிடந்த பூச்சிகொல்லி சாற்றோடு கிண்ணத்துக்குள் இறங்கிவிடும். மருந்துப் போத்தலின் சுட்டியிலே, தெளித்த நாளுக்கும் அறுவடை நாளுக்குமிடையே விடவேண்டிய நாட்கள் குறிக்கப்பட்டுள்ளன. கஞ்சிக்கு இலை கொடுப்பவர் அப்பாத்திக்கு மருந்து தெளிக்காமலே விடுவது எல்லாவற்றிலும் சிறந்தது.

கேட்க வேண்டிய கேள்வி

பந்தலிலே புட்டு அவிப்பவரிடம் கமக்காரர் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு. அதனைக் கேட்பவர் அரிது. இத்தகைய உரையாடலொன்றை எண்ணிப் பார்க்கலாம்.

"தங்கச்சி, இது எந்த நெல்லின் மா?"

"சிவப்பரிசி மாதான் ஐயா. கடையிலே பொதியாய் வாங்கினது."

"எந்த ஊர் நெல்லென்று தெரியுமோ?"

"அது தெரியாது ஐயா. வறுத்த மாவாய்த்தான் வருகுது. உங்களிட்டச் சிவப்பு நெல் இருந்தாற் சொல்லுங்கோ, அடுத்த முறை இடிச்சுப் பார்க்கலாம்."

தம்பலகாமத்து வயல்களுக்கு அண்மையிலே நடைபெறும் விழாவில், எவ்வூர் என்று அறியப்படாத நெல்லின் மாவிலே புட்டு அவிக்கப்படுமாயின், குறை புட்டு அவிப்பவரிடம் இல்லை. உள்ளூர்ச் சிவப்பு நெல்லைக் குற்றி, இடித்து, வறுத்து, பொதிசெய்து அவர் கைக்குக் கொடுப்பவர் இல்லை என்பதே பொருள். இக்கேள்வியினால் ஒருவருக்கு நெல் விற்க வழி பிறக்கின்றது. மற்றவருக்கு நம்பத்தக்க மா கிடைக்க வழி பிறக்கின்றது.

கேள்வியோடு ஒரு கணக்கும் பார்த்தல் வேண்டும். 100 கிலோ நெல்லைக் குற்றினால் ஏறக்குறைய 65 கிலோ அரிசி கிடைக்கும். ஆகவே ஒரு கிலோ மாவுக்கு ஒன்றரைக் கிலோ நெல் தேவை என்று கொள்ளலாம். ஒரு கிலோ மாவில் எத்தனை இடியப்பம் வருகின்றது, அவை என்ன விலைக்கு விற்கப்படுகின்றன என்பதை விசாரித்து எழுதிக்கொண்டு, அதன் அருகே அந்த ஒன்றரைக் கிலோ நெல்லுக்குத் தாம் களத்திற் பெற்ற விலையையும் எழுதிப் பார்க்கட்டும். இரண்டுக்குமுள்ள வேறுபாடு முழுவதும் இலாபமாகாது. விறகு, தேங்காய், கூலி, கொண்டுசெல்லும் செலவு எல்லாம் அதனுள் அடங்கும். எனினும், களத்திலேயே நெல்லைக் கொடுத்துவிடுவதால் ஒரு குடும்பம் எதனை விட்டுக்கொடுக்கின்றது என்பது அத்தாளிலே தெரிந்துவிடும்.

விழா முடிந்ததும் இத்தொழில் முடிந்துவிடுவதில்லை. விவசாயத் திணைக்களத்தின் ஆதரவிற் பல மாவட்டங்களிலே பெண்கள் நடத்தும் மரபு உணவகங்கள் உள்ளன. சிங்களத்தில் 'ஹெல போஜுன்' என வழங்கும் இவை, வட மாகாணத்திலே 'அம்மாச்சி' என்னும் பெயராற் புகழ்பெற்றுள்ளன. உண்பவர் கண்முன்னே சமைப்பதும், அரிசி மா, குரக்கன், உள்ளூர்க் காய்கறிகள் ஆகியவற்றைக் கொண்டே பண்டங்கள் செய்வதும் இவற்றின் முறை. கோதுமை மாவுக்கு அங்கே இடமில்லை. ஒருநாள் விழாவில் விற்பனையானது நாள்தோறும் விற்பனையாகுமா என்பதை அறிய விரும்புவோர், யாழ்ப்பாணம் செல்லும்போது அம்மாச்சிக்குச் சென்று காலை வேளையின் கூட்டத்தைப் பார்த்து வரலாம்.

கடலின் மறுகரையில் ஒரு விழா

பாக்கு நீரிணைக்கு அப்பால், தமிழ்நாட்டின் திருவாரூர் மாவட்டத்திலே திருத்துறைப்பூண்டி என்னும் ஊர் உள்ளது. காவிரிப் படுகையின் கடைமடைப் பகுதி அது. அதனை அடுத்த ஆதிரெங்கம் என்னும் சிற்றூரிலே 2006ஆம் ஆண்டு நெல் திருவிழா ஒன்று தொடங்கப்பட்டது. அதனைத் தொடக்கியவர், பின்னர் 'நெல்' ஜெயராமன் என்றே மக்களால் அழைக்கப்பட்டவர். நுகர்வோர் இயக்கமொன்றிற் பணியாற்றி வந்த அவர், இயற்கை வேளாண்மை அறிஞர் கோ. நம்மாழ்வாரின் வழிகாட்டலில், கைவிடப்பட்ட மரபு நெல்லினங்களை ஊர் ஊராகத் தேடிச் சேகரித்தார். காட்டுயானம், மாப்பிள்ளைச் சம்பா, பூங்கார், கருங்குறுவை என அவர் சேர்த்த இனங்கள் 160க்கும் மேற்பட்டவை.

அவ்விழாவிலே கண்காட்சியும் உணவும் கருத்தரங்கும் உண்டு. ஆயினும் கமக்காரர் தொலைவிலிருந்தும் திரண்டு வருவதற்குக் காரணம் வேறு. வருபவருக்கு 2 கிலோ விதைநெல் விலையின்றி வழங்கப்படும். பெற்றுக்கொண்டவர் அதனைப் பயிரிட்டு, அடுத்த ஆண்டு விழாவுக்கு வரும்போது 4 கிலோவாகத் திருப்பித் தருதல் வேண்டும். அந்நான்கு கிலோவும் இருவருக்குச் செல்லும். பெற்றவரெல்லாம் தவறாது திருப்பித் தருவரேயானால், ஒருவருக்குக் கொடுத்த விதை ஐந்தாம் ஆண்டில் 32 பேருக்குக் கிடைத்துவிடும். எல்லோரும் திருப்பித் தருவதில்லை என்பது மனித இயல்பு. இருந்தும் ஒரு சிலர் தந்தாலே இனம் அழியாது காக்கப்படும். விதையைக் குளிரறையிலே பூட்டிவைப்பதற்கும், பல நூறு வயல்களில் ஆண்டுதோறும் விளையச் செய்வதற்கும் உள்ள வேறுபாட்டை ஜெயராமன் நன்கு உணர்ந்திருந்தார். 2018ஆம் ஆண்டு டிசெம்பர் 6ஆந் திகதி அவர் புற்றுநோயால் மறைந்த பின்னரும் திருத்துறைப்பூண்டியில் நெல் திருவிழா தொடர்ந்து நடைபெற்று வருகின்றது.

இரண்டு கிலோ விதை எம்மட்டு என்று நமது கமக்காரர் எண்ணக்கூடும். ஏக்கருக்கு இரண்டு புசல், அதாவது 40 கிலோவுக்கு மேல் வீசி விதைப்பவருக்கு அது எட்டுப் பேர்ச் நிலத்துக்கே போதும். ஆனால் ஒற்றை நாற்று நடவு முறையில், இளநாற்றை அகல இடைவெளியில் ஒவ்வொன்றாக நட்டால், அதே இரண்டு கிலோ ஏறக்குறைய ஓர் ஏக்கருக்கு வரும். விதை அருமையாக இருக்கும் இடத்தில் நாற்று நடுவதே தகும்.

பொருள்வசதி மிக்க நாடுகளிலும் இவ்வெண்ணம் எழுந்துள்ளது. இத்தாலியின் தூரின் நகரிலே 1996இல் தொடங்கிய பெரிய உணவு விழாவோடு இணைத்து, 2004ஆம் ஆண்டு 'தெரா மாத்ரே' என்னும் பெயரிற் பல நாட்டுக் கமக்காரரையும் மீனவரையும் இடையரையும் ஒன்றுகூட்டினர். தாய்மண் என்பது அப்பெயரின் பொருள். உண்பவர் மட்டும் கூடும் விழா நிறைவுடையதன்று, விளைவிப்பவரும் அங்கே நிற்றல் வேண்டும் என்பதே அவர்கள் கண்டது.

நம் நாட்டிலும் மரபு இனங்களுக்குக் குறைவில்லை. பச்சைப்பெருமாள், மொட்டைக்கறுப்பன், சுவந்தெல், குருளுதுட, மடத்தவாலு, களுஹீனட்டி, மாவீ முதலியவற்றை இக்கால உணவு விழாக்களிற் சிறு பொதிகளாகக் காணலாம். கன்னொறுவையிலே 1988ஆம் ஆண்டு யப்பானிய உதவியுடன் நிறுவப்பட்ட பயிர் மரபுவள நிலையத்தில் இத்தகைய இனங்களின் விதை பேணப்படுகின்றது. பழைய இனங்கள் காட்சிப்பொருள் மட்டுமே என்று நினைப்பது தவறு. 1958இல் வெளியிடப்பட்டு நாட்டின் நெல் விளைவையே உயர்த்திய எச்4 என்னும் சிவப்பு நெல்லின் தாய் தந்தையருள் ஒன்று, முருங்கைக்காயன் என்னும் நம்மவர் இனமே.

ஆனால் விழாப் பந்தலின் விளம்பரத்தை முற்றாக நம்பி, வயல் முழுவதையும் மரபு இனத்துக்கு மாற்றிவிடல் ஆகாது. இவ்வினங்களின் விளைவு பொதுவாகத் திருந்திய இனங்களின் விளைவிற் பாதியளவே ஆகும். தண்டு உயர்ந்தவை ஆதலால் யூரியா மிகுந்தாற் சாய்ந்துவிடும். சுவந்தெல், மாவீ போன்றவை ஐந்து மாதத்துக்கு மேல் வயலில் நிற்பவை. குளத்து நீர் மூன்றரை மாதத்துக்கே உறுதியென்றால் அவை பொருந்தா. பச்சைப்பெருமாள் மூன்றரை மாத அளவில் முதிர்வதால் நம் வாய்க்கால் நீர்க் கணக்குக்கு ஒத்துவரும். பாதி விளைவைப் பெறுபவர் இருமடங்கு விலை பெற்றாலன்றி வருவாய் குறையும். அவ்விலையைத் தருபவர் உண்டா என்பதையே விழாவில் விசாரித்து அறிதல் வேண்டும். முதலில் வாங்குபவரைக் கண்டு, பின்னர் ஒரு சிறு வயற்றுண்டில் விதைத்துப் பார்ப்பதே முறை.

மற்றுமொன்று. இவ்வரிசி நீரிழிவைக் குணமாக்கும், அவ்வரிசி முழங்கால் வலியைப் போக்கும் என்றெல்லாம் பந்தல்களில் எழுதி வைத்திருப்பார்கள். சில சிவப்பரிசி இனங்களின் தவிட்டிலே நற்பொருள்கள் மிகுந்துள்ளன என்று கொழும்பிலுள்ள கைத்தொழில் தொழினுட்ப நிறுவகத்தின் ஆய்வுகூடச் சோதனைகள் காட்டியுள்ளமை உண்மையே. அந்நற்பொருள் தவிட்டில் இருப்பது. தவிட்டை நீக்கி வெள்ளையாகத் தீட்டிய அரிசியில் அது தங்குவதில்லை. ஆய்வுகூடத்திற் கண்டது நோயாளிக்கு மருந்தாகிவிடாது. அரிசி உணவே, நோயுடையவர் மருத்துவரின் சொற்படி நடத்தல் வேண்டும். விற்பவர் கமக்காரராயின் இத்தகைய பலகையைத் தம் பந்தலில் வைக்காதிருப்பது அவர் மதிப்பைக் காக்கும்.

சேதனப் பசளையில் விளைந்தது என்ற பலகையும் அவ்வாறே. 2021ஆம் ஆண்டு மே மாதத்திலே இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டதும், நவம்பரில் அத்தடை நீக்கப்பட்டதும், இடையிலே பெரும்போகம் பட்ட பாடும் எல்லாக் கமக்காரரும் அறிவர். முன்னேற்பாடில்லாத மாற்றத்தினால் ஏற்பட்ட அந்நட்டம், சேதன முறையின் குற்றமன்று. ஆனால் உரிய சான்று இல்லாதவர் அச்சொல்லைப் பொதியில் அச்சிடுதல் தகாது. யூரியா இட்டிருந்தால் இட்டேன் என்று சொல்பவரிடமும் வாங்குபவர் உளர்.

விதை கொண்டுவருவோர் கவனிக்க வேண்டியது

தமிழ்நாட்டுக்குத் தலயாத்திரை செல்வோர், நெல் திருவிழாவைப் பற்றிக் கேள்விப்பட்டு, ஒரு கைப்பிடி விதையைப் பையில் இட்டு வந்தாலென்ன என்று எண்ணுதல் இயல்பு. அது சட்ட விரோதமாகும். 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ், உரிய அனுமதியின்றி விதையோ தாவரப் பகுதியோ நாட்டுக்குள் கொண்டுவரலாகாது. சட்டத்துக்கு அஞ்சி மட்டுமன்று, விதையோடு ஒட்டிவரும் நோய்க்கும் பூச்சிக்கும் அஞ்சியே இதனைத் தவிர்த்தல் வேண்டும். திருத்துறைப்பூண்டியிலிருந்து கொண்டுவரத்தக்கது, இரண்டு கொடுத்து நான்கு பெறும் அவ்வழக்கமே. அதற்கு அனுமதிப்பத்திரம் தேவையில்லை. கமக்காரர் அமைப்பொன்று தன் அங்கத்தவர் பத்துப்பேரைக் கொண்டு, உள்ளூர்ப் பச்சைப்பெருமாள் விதையோடு அடுத்த போகத்திலேயே இதனைத் தொடங்கலாம்.

உள்நாட்டு விழாவில் விதை பெறுபவருக்கும் கவனம் வேண்டும். விழாப் பந்தலிலே அழகிய பொதியில் உள்ளது உணவுக்கான நெல்லா, விதைநெல்லா என்பதைக் கேட்டறிக. நம் மாவட்டத்து வயல்களைக் களை நெல் பெரிதும் வருத்துகின்றது. பயிர்நெல்லைப் போலவே வளர்ந்து, முன்னதாகவே மணியை உதிர்த்துவிடும் அக்களை, பெரும்பாலும் விதையோடு கலந்தே வருகின்றது. ஆதலால் விழாவிற் பெற்ற விதையை வயலின் நடுவிலே வீசாது, தனித் துண்டொன்றில் வரிசையாக நட்டு, பூக்கும் பருவத்தில் வேறுபட்டுத் தோன்றும் செடிகளைப் பிடுங்கி அழித்தல் வேண்டும். விதைப்பதற்கு முன் விவசாயப் போதனாசிரியரிடம் காட்டி அபிப்பிராயம் பெறுதல் நன்று.

கடை போடுவோருக்கு

அடுத்த விழாவிலே தாமும் ஒரு பந்தல் அமைக்க எண்ணும் கமக்காரர் குடும்பங்கள், நெற்பொதியை மட்டும் அடுக்கி வைப்பதனாற் பயனில்லை. நகரத்தவருட் பலர் நெற்கதிரைக் கையிற் பிடித்தறியாதவர். காய்ந்த கதிர்க்கட்டு ஒன்று, அதே இனத்தின் பச்சையரிசி, புழுங்கலரிசி, அரைத்த மா, அவற்றோடு ஆக்கிய சோற்றில் ஒரு சிறு கிண்ணம் ஆகியவற்றை ஒரே வரிசையில் வைத்தல் வேண்டும். ஒரு வாய் உண்டு பார்த்தவர் வாங்குவார். பொதியை மட்டும் பார்த்தவர் விலையைக் கேட்டுவிட்டு நகர்வார். இனத்தின் பெயர், விளைந்த ஊர், அறுவடை செய்த மாதம், எடை, விலை ஆகியவற்றைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதி ஒட்டுக. உல்லாசப் பயணிகள் வரும் மாதமாயின் ஆங்கிலத்திலும் எழுதலாம். தொலைபேசி இலக்கத்தை எழுத மறப்போர் பலர். விழா முடிந்த மறுவாரம் மா வேண்டுமென்று தேடுபவர் அவர்களை எங்ஙனம் கண்டுபிடிப்பர்?

உணவு விற்பதாயின் முன்கூட்டியே பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கண்டு ஆலோசனை பெறுதல் அவசியம். திருகோணமலை வெயிலிலே தேங்காய்ப் பால் சேர்ந்த பண்டம் விரைவிற் புளித்துவிடும். ஆக்கிய சோறும் பாற்சோறும் இளஞ்சூட்டிற் பலமணி நேரம் கிடந்தால் நஞ்சூட்டும் கிருமிகள் பெருகும். மீண்டும் சூடாக்கினாலும் அந்நஞ்சு நீங்காது. ஆகவே விழாவுக்கு வேண்டியதை விடியற்காலையில் ஒரேயடியாக ஆக்கிவைக்காது, சிறிது சிறிதாக ஆக்கிச் சூட்டோடு கொடுத்தல் வேண்டும். பணம் வாங்கும் கை வேறு, பரிமாறும் கை வேறாக இருக்கட்டும். இதற்கு இருவர் வேண்டுமென்பதாற் குடும்பத்திலே தொழில் பகிர்ந்துகொள்ளுதல் எளிது.

மரக்கறிச் செய்கையாளருக்கு விழாப் பந்தலிலே காயாக விற்பதைவிட, சமைப்போருக்கு முதல்நாளே வழங்குவது நன்மை தரும். கத்தரி, பாகல், புடோல், முருங்கை ஆகியவற்றைப் பந்தல்காரர் பலர் விழா நாட்காலையிலே சந்தைக்கு ஓடி வாங்குகின்றனர். விழாவுக்கு ஒரு கிழமைக்கு முன் அவர்களைக் கண்டு, எது எவ்வளவு வேண்டும் எனக் கேட்டு எழுதி, அதிகாலையிற் பறித்துக் கொண்டுபோய்க் கொடுப்பவருக்கு இடைத்தரகு இல்லை. வாடிய காய் என்ற பேச்சும் இல்லை. மரவள்ளிக் கிழங்கை மட்டும் அகழ்ந்த அன்றே சேர்ப்பித்தல் வேண்டும். ஓரிரு நாளில் அதன் உள்ளே கருமை ஓடிவிடும்.

விழாவிலிருந்து வீடு திரும்பியதும், பெற்ற விதைப்பொதியின் மேல் இனத்தின் பெயர், தந்தவரின் ஊர், திகதி ஆகியவற்றை எழுதுக. அதிலிருந்து 100 மணிகளை எண்ணி எடுத்து, ஒரு நாள் நீரில் ஊறவைத்து, ஈரச் சாக்குத் துணியிற் பரப்பிச் சுருட்டி நிழலில் வைக்க. துணி உலராது நீர் தெளித்துவந்து, ஒரு கிழமை கழித்துப் பிரித்து முளைத்தவற்றை எண்ணுக. 85க்குக் குறையாது முளைத்திருந்தால் விதைக்கு உகந்தது. அதனிலும் குறைந்தால், எஞ்சிய நெல்லைக் குற்றிப் புட்டுக்கு மாவாக்கிக் கொள்ளலாம்.